பின்பாரம் தாங்குமா பிக்கப்? பட்டை சேர்க்கும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

காய்கறி மூட்டை, பால் கேன், தண்ணீர்த் தொட்டி, உரம், தீவனம் என்று எதை ஏற்றினாலும் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது. மண் சாலையில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ‘டங்’ என்று இடிக்கிறது. ‘இன்னும் ரெண்டு பட்டை சேர்த்தா சரியாகிடுமா?’ என்று கேட்கும் விவசாயிகள் நிறைய. பதில், சில நேரம் ‘ஆமாம்’. பல நேரம் ‘இல்லை’. எப்போது ஆமாம், எப்போது இல்லை என்பதை விளக்குவதே இந்தக் கட்டுரை.

விவசாயி வீட்டு பிக்கப் அல்லது ஜீப், டவுன் லாரி ஓடுவதைப்போல ஓடுவதில்லை. தோட்டத்திலிருந்து தார்ச்சாலை வரை வண்டிப்பாதை. நடுவில் ஓடை, வரப்பு, கருங்கல். மலைத் தோட்டம் என்றால் கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலைக்கு 70 வளைவு, திம்பத்துக்கு 27 வளைவு. போகும்போது முழுப் பாரம், வரும்போது காலி வண்டி. இந்த இரண்டு நிலைக்கும் ஒரே பட்டைதான் ஈடுகொடுக்க வேண்டும். அதனால்தான் பின்பக்க சஸ்பென்ஷனில் கை வைப்பதற்கு முன் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

பட்டை தாங்கும், ஷாக் அப்சார்பர் அடக்கும்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வண்டியின் எடையைத் தாங்குவது பட்டை. வில் வண்டியில் இருந்த அதே வில்தான் இது. நீளமான மெயின் பட்டையின் இரண்டு முனையிலும் வளையம் இருக்கும். அதற்குக் கீழே ஒன்றைவிட ஒன்று நீளம் குறைந்த பட்டைகள். எல்லாவற்றையும் நடுவில் சென்டர் போல்ட் சேர்த்துப் பிடிக்கும். யு போல்ட்டுகள் அந்தக் கட்டை அச்சோடு இறுக்கும். ஒரு முனை சேஸிஸில் நிலையாக மாட்டியிருக்கும். மறுமுனை ஷேக்கிளில் ஆடும். பட்டை அமுங்கும்போது அதன் நீளம் கூடும் என்பதால்தான் அந்த ஆட்டம்.

சாதாரண ஷாக் அப்சார்பர் எடையைத் தாங்காது. அமுங்கிய பட்டை திரும்ப எழும்பிக் குதிக்காமல் அடக்குவதுதான் அதன் வேலை. எனவே, ‘பாரம் ஏற்றினால் வண்டி உட்காருது’ என்பது பட்டையின் பிரச்னை. ‘பள்ளத்தில் இறங்கினால் நாலைந்து தடவை குதிக்குது’ என்பது ஷாக் அப்சார்பரின் பிரச்னை. உட்காரும் வண்டிக்கு விலை உயர்ந்த ஷாக் அப்சார்பர் வாங்கிப் போட்டாலும் ஓர் அங்குலம்கூட உயராது.

முதல் வேலை: எடை மேடை

பட்டறைக்குப் போவதற்கு முன் எடை மேடைக்குப் போங்கள். ஆர்.சி. புத்தகத்தில் காலி எடை, மொத்த எடை என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் சரக்குக்கு உரியது என்று நினைத்துவிடக் கூடாது.

ஒரு கணக்குக்காக, காலி எடை 1,700 கிலோ, மொத்த எடை 2,900 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 1,200 கிலோ. டிரைவரும் உடன் வருபவரும் சேர்ந்து 140 கிலோ. பின்னால் அடித்த கம்பிக் கூண்டு, தார்ப்பாய், கயிறு, கூடுதல் டயர், சாமான் பெட்டி எல்லாம் சேர்ந்து 120 கிலோ. மீதம் 940 கிலோ. 40 கிலோ நெல் மூட்டை என்றால் 23 மூட்டை. அதற்கு மேல் வைக்கும் ஒவ்வொரு மூட்டையும் வண்டியின் கணக்கில் இல்லாதது.

தண்ணீர் ஏற்றுபவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். 1,000 லிட்டர் தொட்டி நிறைந்தால், தொட்டியின் எடை போக, தண்ணீர் மட்டுமே ஒரு டன். பாதி நிறைந்த தொட்டி எடையில் குறைவுதான். ஆனால், வளைவில் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து வண்டியையும் இழுக்கும். மலைப்பாதையில் அரைத்தொட்டித் தண்ணீர் ஆபத்தானது. உள்ளே தடுப்பு இல்லாத தொட்டி என்றால், முழுவதும் நிரப்புங்கள். அல்லது காலியாகக் கொண்டுபோங்கள். முழுத்தொட்டி வண்டியின் அளவைத் தாண்டும் என்றால், சின்னத் தொட்டிக்கு மாறுவதுதான் வழி.

வழக்கமாக ஏற்றும் பாரத்தோடு ஒருமுறை முழு வண்டியையும் நிறுத்தி எடை பாருங்கள். பிறகு பின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி எடை பாருங்கள். மேடையும் முன்னால் உள்ள தரையும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். முழு எடையிலிருந்து பின் அச்சு எடையைக் கழித்தால் முன் அச்சு எடை வந்துவிடும். இந்த மூன்று எண்களும் கையில் இருந்தால், பட்டறையில் யார் என்ன சொன்னாலும் நீங்களே முடிவெடுக்கலாம்.

மாட்டு வண்டி சொல்லிக்கொடுத்த பாடம்

பாரவண்டி ஓட்டிய தலைமுறைக்கு இது தெரிந்த விஷயம். முன்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். அதனால், மூட்டையை அடுக்கும்போதே முன்னும் பின்னும் தள்ளிவைத்துச் சமன் பார்ப்பார்கள். பிக்கப்புக்கும் அதே விதிதான். மாடு கத்தும், பிக்கப் கத்தாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 300 கிலோ பாரத்தைப் பின் அச்சிலிருந்து 1 மீட்டர் பின்னால், கதவோரம் வைக்கிறோம். பின் அச்சில் கூடுவது 300 கிலோ இல்லை, 400 கிலோ. ஏற்றம் இறக்கம்போல, பின் சக்கரத்தை மையமாக வைத்து முன்பக்கம் தூக்குவதால், முன் அச்சில் 100 கிலோ குறைந்து அதுவும் பின்னால் சேர்கிறது. அதே 300 கிலோவை அச்சுக்கு 1 மீட்டர் முன்னால், கேபினுக்கு அருகில் வைத்தால், பின் அச்சில் கூடுவது 200 கிலோதான். மீதி 100 கிலோவை முன் அச்சு தாங்கும். ஒரு ரூபாய் செலவில்லாமல், 2 மீட்டர் நகர்த்தியதற்குப் பின் பட்டையில் கூடும் சுமை பாதியாகிறது.

முன்பக்கம் லேசானால் என்ன ஆகும்? ஸ்டீயரிங் பிடி குறையும். ஈர மண்ணில் திருப்பினால் வண்டி நேராகவே போகும். முன் பிரேக்கின் பிடிமானம் குறையும். மலை ஏற்றத்தில் இது இன்னும் கூடும். எடை கூடிய சரக்கைக் கேபினை ஒட்டிக் கீழேயும், லேசான சரக்கைப் பின்னாலும் மேலேயும் அடுக்குங்கள். உயரமாக அடுக்கினால் வளைவில் சாயும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பழைய பட்டையைப் படித்துப் பாருங்கள்

அடுக்கை மாற்றியும் வண்டி உட்கார்ந்தால், இருக்கும் சஸ்பென்ஷன் நல்ல நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். இதை வீட்டு வாசலிலேயே செய்யலாம்.

காலி வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். எல்லா டயரிலும் காற்று சரியாக இருக்க வேண்டும். பின் சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து, இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். ஒரு விரற்கடைக்கு மேல் வித்தியாசம் இருந்தால், ஒரு பக்கப் பட்டை களைத்துவிட்டது அல்லது உடைந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். வழக்கமான பாரம் ஏற்றியும் அளந்து எழுதிவையுங்கள். அச்சுக்கு மேலே சேஸிஸில் இருக்கும் ரப்பர் கட்டைக்கும் அச்சுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி மிச்சம் என்று பாருங்கள். நின்ற இடத்திலேயே அந்த இடைவெளி அற்றுப்போனால், ஓடும்போது ஒவ்வொரு பள்ளத்தின் அடியும் நேராகச் சேஸிஸுக்குப் போகிறது என்று அர்த்தம்.

அடுத்து, பட்டைகளில் மயிரிழைக் கீறல் இருக்கிறதா, பட்டைக்கு இடையே செந்துரு வழிகிறதா, ஷேக்கிள் புஷ் தேய்ந்து ஆடுகிறதா என்று பாருங்கள். சென்டர் போல்ட் அறுந்தால் அச்சு ஒரு பக்கம் பின்வாங்கி, வண்டி நண்டுபோலச் சாய்ந்து ஓடும். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் வடிந்த தடம் இருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. கரடுமுரடான பாதையில் ஓட்டி நிறுத்தியதும், இரண்டு ஷாக் அப்சார்பருக்கும் அருகில் கையைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள். ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால், குளிர்ந்தது வேலை செய்யவில்லை.

உரம் ஏற்றும் வண்டிகளுக்கு ஓர் எச்சரிக்கை. பொட்டாஷ் உரத்தில் குளோரைடு இருக்கிறது. உப்பைப்போலவே இரும்பை அரிக்கும். எருவும் சேறும் பட்டைக்கு இடையே தங்கினாலும் அதே கதைதான். உரம், எரு ஏற்றிய அன்றே வண்டியின் அடிப்பகுதியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுவது நல்லது.

பட்டை சேர்த்தால் எவ்வளவு தாங்கும்?

ஒரே கனத்தில் 5 பட்டை இருக்கும் கட்டில் இன்னொன்று சேர்த்தால், விறைப்பு ஏறக்குறைய 20 சதவிகிதம் கூடும். பாரம் ஏற்றும்போது 12 செ.மீ. அமுங்கிய வண்டி, இனி 10 செ.மீ. அமுங்கும். கனமான பட்டையாக மாற்றினால் கணக்கே வேறு. பட்டையின் விறைப்பு, அதன் கனத்தின் மூன்றாம் படியைப் பொறுத்தது. கனம் 10 சதவிகிதம் கூடினால் விறைப்பு 33 சதவிகிதம் கூடும். பார்வைக்கு நூல் அளவு வித்தியாசம்தான். ஓட்டும்போது பாறைபோல் இருக்கும்.

இங்கேதான் விவசாயி வண்டிக்குச் சிக்கல். பாரத்துக்கு ஏற்ற விறைப்பு, காலியாகத் திரும்பும்போது அதிகமாகிவிடும். காலி வண்டியின் பின் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். மண் சாலையில் துள்ளும் சக்கரத்துக்குப் பிடிமானமும் இல்லை, பிரேக்கும் இல்லை. ஆகவே, வருடம் முழுவதும் பாரம் ஏற்றும் வண்டிக்கு மட்டுமே நிரந்தரமாகப் பட்டை சேர்ப்பது பொருந்தும்.

போகும்போது பாரம், வரும்போது காலி என்று ஓடும் வண்டிக்கு ஏற்றது ஹெல்பர் பட்டை. இது மெயின் கட்டுக்கு மேலே தனியாக நிற்கும். காலியாக ஓடும்போது எதையும் தொடாது. பாரம் ஏறி வண்டி ஓரளவு அமுங்கிய பிறகுதான் இதன் முனை சேஸிஸில் உள்ள தாங்கியைத் தொட்டு வேலையைத் தொடங்கும். சில வண்டிகளில் இது கம்பெனியிலிருந்தே வருகிறது. தேய்ந்தோ, கழற்றப்பட்டோ இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

களைத்த பட்டையை உலையில் காய்ச்சி அடித்து வளைவு ஏற்றுவது பழைய வழக்கம். சிலிக்கான், மாங்கனீசு போன்றவை கலந்த பட்டை எஃகின் பலம், அதற்குக் கொடுத்த பதத்தில்தான் இருக்கிறது. காய்ச்சினால் அந்தப் பதம் போய்விடும். மீண்டும் முறையாக எண்ணெயில் தோய்த்து, அளவான சூட்டில் பதப்படுத்தும் வசதி இல்லாத இடத்தில் ஏற்றிய வளைவு, சில வாரங்களில் இறங்கிவிடும் அல்லது உடையும். உடைந்த பட்டையை வெல்டிங் வைப்பது அதைவிட மோசம். வெல்டிங் வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த முறை உடையும். பட்டை உடைந்தால் மாற்றுவது ஒன்றே வழி.

காற்றுப் பை, தூக்குக் கட்டை

பட்டைக்கும் சேஸிஸுக்கும் நடுவே ரப்பர் காற்றுப் பை வைத்து, பாரத்துக்கு ஏற்பக் காற்றடித்து உயர்த்தும் முறை இப்போது பரவலாக விற்பனைக்கு வருகிறது. காலியாக ஓடும்போது காற்றைக் குறைத்துக்கொள்ளலாம் என்பது இதன் வசதி. ஆனால், ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். பட்டை தன் சுமையை இரண்டு முனைகளில், சேஸிஸின் இரண்டு பலமான இடங்களில் இறக்குகிறது. காற்றுப் பை, அச்சுக்கு நேர் மேலே ஒரே புள்ளியில் சேஸிஸை மேல்நோக்கித் தள்ளுகிறது. கதவோரம் பாரம் கீழே அழுத்த, நடுவில் பை மேலே தள்ள, முழங்காலில் வைத்து விறகை ஒடிப்பதுபோலச் சேஸிஸ் வளையலாம்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. ஆஸ்திரேலியாவில் குடும்பத்தோடு பாலைவனப் பாதைகளில் நாள் கணக்கில் பயணம் போகிறவர்கள், பிக்கப்பிலேயே தண்ணீர், டீசல், கூடாரம், குளிர்பெட்டி, கூடுதல் பேட்டரி எல்லாம் ஏற்றுகிறார்கள். பின்னால் இழுவை வண்டியும் மாட்டுகிறார்கள். அப்படிப்பட்ட வண்டிகளில் சேஸிஸ் வளைந்துபோவது அங்கே நன்கு தெரிந்த பிரச்னை. அச்சுக்குப் பின்னால் கூடிய பாரமும், அதைக் காற்றுப் பை வைத்துத் தூக்கிப்பிடித்ததும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. அதனால்தான் அங்கே அனுபவசாலிகள், பட்டையை மாற்றுவதோடு நிற்பதில்லை. பரிசோதித்து அனுமதி பெற்ற முழுத் தொகுப்பைப் பொருத்தி, வண்டியின் மொத்த எடை அளவையே அதிகாரபூர்வமாக உயர்த்திக்கொள்கிறார்கள். நமக்கு இதில் பாடம் ஒன்றுதான்... பின்பக்கம் நிமிர்ந்து நிற்பதால் மட்டும் வண்டிக்குப் பலம் கூடிவிடாது.

அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை கொடுத்துத் தூக்குவதும் அப்படித்தான். உயரம் கூடும், தாங்கும் திறன் ஒரு கிலோகூடக் கூடாது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கட்டை வைப்பது, ஏற்றத்தில் அச்சு முறுக்கிக்கொள்ள வழிசெய்யும்.

பட்டையோடு முடிவதில்லை

பின்பக்கத்தை உயர்த்தினால் மூன்று இடங்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பிரேக்: பல பிக்கப் வண்டிகளில், பின் அச்சிலிருந்து ஒரு கம்பி சேஸிஸில் உள்ள வால்வுக்குப் போகும். வண்டி அமுங்கினால் ‘பாரம் இருக்கிறது’ என்று புரிந்துகொண்டு, பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். நிமிர்ந்தால் ‘காலி’ என்று குறைக்கும். பட்டை சேர்த்து வண்டியை நிமிர்த்திவிட்டால், முழுப் பாரத்திலும் அந்த வால்வு காலி வண்டி என்றே நினைக்கும். பின் பிரேக் பாதி பிடிக்கும். மலை இறக்கத்தில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். பட்டை வேலை முடிந்ததும், இந்த வால்வை மறுபடி அளவுக்கு வைத்துத் தரச்சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

டயர்: டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பிறகு ஓர் எண் இருக்கும். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும்; 104 என்றால் 900 கிலோ; 108 என்றால் 1,000 கிலோ; 112 என்றால் 1,120 கிலோ. எடை மேடையில் பார்த்த பின் அச்சு எடையைப் பாதியாக்கி, இந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். அந்த எண்ணும் காற்று சரியான அளவில் இருந்தால்தான் செல்லும்.

விளக்கு: பாரத்தில் பின்பக்கம் உட்கார்ந்தால் ஹெட்லைட் மரத்தைக் காட்டும், நிமிர்ந்தால் தரையைக் காட்டும். உயரம் மாறினால் விளக்கையும் திருத்த வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

எத்தனை பட்டை சேர்த்தாலும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடை மாறாது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 194-ன்படி, அளவுக்கு மேல் பாரம் ஏற்றினால் 20,000 ரூபாய் அபராதம். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். அதிகப்படி சரக்கை இறக்கும் செலவும் நம் தலையில்தான். ஒரு நடை தக்காளியில் கிடைக்கும் லாபத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதே சட்டத்தின் பிரிவு 52, பதிவு விவரங்கள் தயாரிப்பு நிறுவனம் கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எனவே, தேய்ந்ததை அதே வகைப் பட்டையால் மாற்றுவதில் சிக்கல் இல்லை. புதிதாக எதையாவது சேர்ப்பதாக இருந்தால், வண்டி நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிலும், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். விபத்து நடந்த பிறகு இன்ஷூரன்ஸ் நிறுவனம் கேட்கும் முதல் கேள்விகளில் இதுவும் ஒன்றாக இருக்கலாம்.

கேள்வி-பதில்

*ஒரு பக்கப் பட்டை மட்டும் உடைந்திருக்கிறது. அந்தப் பக்கம் மட்டும் மாற்றினால் போதுமா?*

ஓட்டலாம், ஆனால், வண்டி சாய்ந்து நிற்கும். புதுப் பட்டை விறைப்பாகவும் பழையது தளர்ந்தும் இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில், ஒரே வகையில் மாற்றுவதே சரி.

*பட்டை மாற்றிய பிறகு என்ன கவனிக்க வேண்டும்?*

பழைய யு போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். முறுக்கியதில் அது ஏற்கெனவே இழுபட்டிருக்கும். ரப்பர் புஷ் உள்ள ஷேக்கிள் போல்ட்டுகளை, வண்டியை ஜாக்கியில் தூக்கிவைத்து இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் நின்று, வண்டியின் எடை பட்டையில் இறங்கிய பிறகே இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். பட்டைகள் ஒன்றோடொன்று படிய சில நாள் ஆகும். அதனால், சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யு போல்ட்டை மறுபடி இறுக்கச் சொல்லுங்கள்.

*பட்டைக்கு இடையே கிரீஸ் பூசலாமா?*

பழைய வகை வெறும் இரும்புப் பட்டைகளுக்குக் கிராஃபைட் கிரீஸ் பூசுவார்கள். கிரீச் சத்தம் குறையும். பட்டை முனைகளுக்கு நடுவே பிளாஸ்டிக் அல்லது ரப்பர் தகடு இருந்தால் கிரீஸ் வேண்டாம். செம்மண் தூசி கிரீஸோடு சேர்ந்தால் உப்புத்தாள்போலத் தேய்க்கும் என்பதால், பூசினாலும் அவ்வப்போது கழுவித் திரும்பப் பூச வேண்டும்.

*மண் சாலையில் டயர் காற்றைக் குறைத்தால் குலுக்கல் குறையும் என்கிறார்களே?*

காலி வண்டிக்கு, மெதுவாக ஓட்டும்வரை சரி. முழுப் பாரத்தில் காற்றைக் குறைத்தால் டயரின் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறி வெடிக்கும். பாரம் ஏற்றிய வண்டிக்கு நிறுவனம் சொன்ன காற்று அளவைக் குறைக்கவே வேண்டாம். குலுக்கலைக் குறைக்கச் செலவில்லாத மருந்து, வேகத்தைக் குறைப்பதுதான்.

*அறுவடை நாளில் மூட்டைக்கு மேலே ஆட்களையும் ஏற்றிக்கொள்கிறோம். பட்டை தாங்குமா?*

பட்டை தாங்கலாம். ஆனால், உயரத்தில் உட்கார்ந்த ஆள் எடை, வளைவில் வண்டியைச் சாய்க்கும். வண்டி சாயும்போது முதலில் விழுவது அவர்கள். அவர்கள்மேல் விழுவது மூட்டை. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படியும் தவறு. மூட்டையை ஒரு நடை, ஆட்களை வேறு வண்டியில் இன்னொரு நடை என்று பிரித்துக்கொள்ளுங்கள். கூடுதல் நடைக்கு ஆகும் டீசல் செலவு, ஓர் ஆளின் கால் எலும்பைவிடக் குறைவுதான்.